நடுங்குவது ஜெல்லி

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக் கடையில் நான் ஒரு பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்ததையும், பிறகு அதைக் கடைக்காரப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து விரலால் தட்டியதையும் பார்த்து நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போங்கள். குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாகச் சுவரில் உட்கார்ந்து வெயில் காய்கிற நம்மைப் பார்த்து, வருகிற டூரிஸ்ட் பிள்ளைகள் தினமும்தான் சிரிக்கின்றன. ஆனால் அந்தக் கடைக்காரப் பெண் சொன்னதைத்தான் என்னால் விட முடியவில்லை. "தாத்தா, எல்லாமே ஜாம்தானுங்க. கலர் பாத்து ஏதாச்சும் ஒண்ணு எடுத்துக்கங்க" என்றாள்.

எல்லாமே ஜாம் இல்லை. இதைச் சொல்ல எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் இதை எழுதுகிறாள். ஆனாலும் ஜாம் வேறு, ஜெல்லி வேறு, மார்மலேட் வேறு. என் அம்மாவுக்கு அந்த மூன்று பெயரும் மூச்சு மாதிரி. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே மூச்சுதான். அவசரம் ஒன்றும் இல்லையே, கேளுங்கள்.

எனக்கு அப்போது ஏழு வயதோ எட்டோ. செம்மநத்தத்தில் இருந்தோம். அப்பா மிளகு பறிக்க மரம் ஏறுவார், அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பாள். நீங்களும் பறித்தவர்கள்தான், உங்களுக்குத் தெரியும். கார்த்திகை, மார்கழியில் செடிக்குள் புகுந்தால் ஒவ்வொரு கிளையும் ஒரு செம்புத் தண்ணீரை நம் கழுத்தில் ஊற்றும். பத்து மணி வரை நனைந்த சேலையோடுதான் நிற்க வேண்டும். அம்மாவுக்கு இளைப்பு உண்டு. அந்த இரண்டு மாதமும் அவள் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் குருவிக் குஞ்சு கத்துவது போலக் கேட்கும். "எங்கம்மா நெஞ்சுல குருவி கூடு கட்டியிருக்குது" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பெருமையான விஷயம் என்று நினைத்தேன். அப்பா அதைக் கேட்டு ஒரு நாள் என்னை அடிக்கக் கை ஓங்கிவிட்டு, அடிக்காமல் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வருஷம் பங்களா அம்மாவின் சமையல்காரி கல்யாணமாகிப் போய்விட்டாள். பங்களா அம்மா என்று நான் சொல்வது, ஏரிக்கு மேலே பேரிக்காய் மரங்களுக்கு நடுவே தனியாக இருந்த அந்த வயதான அம்மாளை. கவுன் போட்டிருப்பார், மேலே ஆம்பளைக் கோட்டு. தமிழ் மெட்ராஸ்காரர்கள் மாதிரி பேசுவார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, பார்வை பால் ஊற்றின மாதிரி இருக்கும். ஆள் நிழலாகத்தான் தெரியும். அவர் அடுப்படிக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு அம்மா என்னையும் கையில் பிடித்துக்கொண்டு போனாள்.

பங்களா அம்மா அவளைச் சமைக்கத் தெரியுமா என்று கேட்கவே இல்லை. மேசை மேல் மூன்று பாட்டிலை வைத்தார்.

"இது என்ன?"

"ஜாமுங்க" என்றாள் அம்மா. எஸ்டேட்டுக் கணக்கு எழுதுகிற ரைட்டர் வீட்டில் பார்த்திருக்கிறாள்.

"இது?"

"அதும் ஜாமுங்க."

"இது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தைரியம் சொல்வது போலத் தலையாட்டினேன்.

"எல்லாம் ஜாமுதானுங்களே?"

பங்களா அம்மா பெருமூச்சு விட்டார். "எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. போன வருஷம் இருந்தவ, கண்காட்சியில ஜெல்லியைக் கொண்டுபோய் ஜாம் வரிசையில வச்சா. ஜாமை ஜெல்லி வரிசையில வச்சா. மலையில இருக்குற அத்தனை எஸ்டேட்டு அம்மாமாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. எனக்குக் கண்ணு தெரிஞ்சா நானே வச்சிருப்பேன்."

தை மாசத்தில் எஸ்டேட்டுக்காரர்கள் கூடி ஒரு பழக் கண்காட்சி நடத்துவார்கள். அதில் முப்பது வருஷமாக இந்த அம்மா பாட்டில் வைக்கிறவர். அதைத்தான் சொல்கிறார்.

"தை மாசம் வரைக்கும் அடுப்படியில இருந்து பழகு. கண்காட்சியில மூணும் அதது இடத்துல போய் உக்காந்துட்டா இந்த அடுப்படி உன்னுது. பின்னாடி இருக்குற ரூமும் உன்னுது. மாறிடுச்சுன்னா நீ திரும்பச் செடிக்கே போயிடணும். சரியா?"

"சரிங்க" என்றாள் அம்மா. குருவி கத்தியது. பங்களா அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். கண் தெரியாதவர்களுக்குக் காது கூர்மை. "என்னது சத்தம்?" என்றார்.

"பனிங்க. அடுப்புகிட்ட நின்னா அடங்கீருமுங்க."

அப்படியே அடங்கியது. அந்த அடுப்படிக்குள் போன நாலாம் நாள் குருவியைக் காணோம். நான் அம்மாவின் நெஞ்சில் காதை வைத்துத் தேடினேன். எங்கே போச்சு என்று கேட்டேன். "வெயிலு கண்ட பக்கமாப் பறந்துருச்சு சாமி" என்றாள்.

அந்த அடுப்படியை என்னவென்று சொல்வேன். அகலமான பித்தளைச் சட்டி ஒன்று, நான் உள்ளே படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு பெரிசு. பிடி நீண்ட மரக்கரண்டி. ஆரஞ்சை வேக வைக்கும் நாளில் பங்களாவின் திரைச்சீலைகூட ஆரஞ்சாக மணக்கும். அம்மா வீட்டுக்கு வந்தால் அப்பா அவள் முந்தானையை மோந்து பார்த்துவிட்டு, "யாருடி நீயி, எங்கூட்டுக்காரி எங்க?" என்பார். ஆரஞ்சுத் தோலை அம்மா பூக்கட்டுகிற நார் மாதிரி மெலிசாக அரிவாள். விதைகளைத் தனியாக ஒரு துணியில் முடிந்து அதே சட்டியில் போட வேண்டும், அதுதான் பாகை இறுக வைக்கும். பதம் வந்ததா என்று பார்க்க ஒரு பீங்கான் தட்டை வெளியே பனியில் வைத்திருப்போம். ஓடிப் போய் எடுத்து வருவது என் வேலை. சில்லிட்ட தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளினால் கிழவி கன்னம் மாதிரி சுருக்கம் விழ வேண்டும். விழுந்தால் இறக்கு. விழாவிட்டால் இன்னும் கிண்டு.

தோலோடு சேர்த்துக் காய்ச்சுகிற ஆரஞ்சு, மார்மலேட். சிவப்புக் கொய்யாவை மசித்து, சல்லடையில் விதை போகத் தேய்த்து, சர்க்கரை போட்டுக் கிண்டினால் ஜாம். அதே கொய்யாவை வேக வைத்து, சதையை விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் வடித்துக் காய்ச்சினால் ஜெல்லி. ஒரே மரத்துக் கொய்யாதான். அண்ணன் தம்பிக்கு வேறு வேறு பேர் வைப்பது போல.

அம்மாவுக்கு இங்கிலீஷ் பேர் முதலில் ஒட்டவே இல்லை. பேரைச் சொன்னால் பாட்டில் மாறும், பாட்டிலை எடுத்தால் பேர் மாறும். அப்புறம் அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். செம்மநத்தம் ஓடையை எடுத்துக்கொண்டாள். கோடையில் தெளிந்து நிற்கிற தண்ணீர், ஜெல்லி. மழைக்குப் பிறகு கலங்கி வருவது, ஜாம். மீன்குஞ்சு மிதப்பது, மார்மலேட். ஆரஞ்சுத் தோல் கீழேயும் போகாமல் மேலேயும் வராமல் பாட்டிலுக்குள் அப்படித்தானே நிற்கிறது? நடந்து போகிற வழியெல்லாம் நான் கேட்பேன், அவள் சொல்வாள்.

"மீன்குஞ்சு?"

"மாருமலேட்டு."

"கலங்கல்?"

"ஜாமு."

"தெளிஞ்சது?"

"ஜெல்லி. போதும் கண்ணு, வாயடிக்காம நடையப் போடு."

பங்களா அம்மாவோ வேறு வழியில் சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். அவருக்குக் கண் இல்லை, நாக்குதான் எல்லாம். ஒவ்வொரு சட்டி இறக்கியதும் ஒரு ஸ்பூனில் எடுத்து ஊதி, அம்மா இருக்கும் திசையில் நீட்டுவார். "சாப்பிட்டுப் பாரு. நாக்குக்குத் தெரிஞ்சா மறக்காது."

"வேண்டாமுங்க."

"கொஞ்சம்தான்."

"வேண்டாமுங்கம்மா."

நாலு தடவை, அஞ்சு தடவை நீட்டினார். அப்புறம் நீட்டவில்லை. முகம் இறுகிப் போய்விட்டது. "டீ", "தட்டு", "விறகு" என்று ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பேச ஆரம்பித்தார். எனக்கு அழுகை வரும். எனக்காவது ஒரு வாய் நீட்டக் கூடாதா என்று.

அம்மா ஏன் தின்னவில்லை என்று எனக்குத் தெரியும். முதல் நாளே அவள் கேட்டிருந்தாள், கண்காட்சி என்றால் என்னவென்று. பங்களா அம்மா சொன்னார்: "பெரிய மேசை போட்டு வெள்ளைத் துணி விரிப்பாங்க. அவங்கவங்க கொண்டு வந்ததை வரிசையா வைப்பாங்க. பெரியவங்க மூணு பேரு வந்து ருசி பார்ப்பாங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தரும் தொடக் கூடாது."

நீங்களே சொல்லுங்கள், இதைக் கேட்டால் நம் மலைக்காரிக்கு என்ன புரியும்? படையல். சேர்வராயன் திருவிழாவுக்கு எடுத்து வைத்த பழத்தை நாம் தின்போமா? தின்பது இருக்கட்டும், மோந்து பார்ப்போமா? ஒரு வருஷம் வாழைத்தாரைக் கொஞ்சம் மூக்கருகில் கொண்டுபோனதற்கு நான் பட்ட அடி இன்னும் தோளில் இருக்கிறது. அம்மாவைப் பொறுத்தவரை அந்தச் சட்டியில் கொதித்தது முழுக்க யாருக்கோ படைக்கப் போவது. யார் அந்தச் சாமி என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. இவ்வளவு பெரிய விஷயம் பங்களா அம்மாவுக்கும் தெரியாமலா இருக்கும் என்று, அவள் வாயைத் திறந்து விளக்கவும் இல்லை. அந்த அம்மாவோ, தன் கை பட்ட பண்டத்தை இவள் தின்ன மாட்டேன் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஒரே அடுப்பைச் சுற்றி இரண்டு பேரும் இரண்டு மாதம் இப்படி இருந்தார்கள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. இரண்டு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

ஜெல்லிக்குச் சாறு வடிப்பது பெரிய பொறுமை. ஒரு ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் நாலு காலிலும் ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டை இழுத்துக் கட்டி, வெந்த கொய்யாவை அதில் ஊற்றி, கீழே குண்டான் வைப்பார்கள். சொட்டும். சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே ஒரு ஆள் கொட்டாவி விட்டு முடிக்கலாம். பங்களா அம்மாவின் கட்டளை ஒன்றே ஒன்று: துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் சாறு கலங்கிவிடும், ஜெல்லி கண்ணாடி மாதிரி வராது.

தை பிறந்து ஒரு மத்தியானம். கொய்யா முடிகிற சமயம், அதுதான் கண்காட்சிக்கான கடைசிச் சாறு. பங்களா அம்மா தூங்கப் போய்விட்டார். அம்மா விறகு பொறுக்கப் போனாள். நானும் அந்தத் துணிப் பையும் மட்டும். பசுவின் மடி மாதிரி கனத்துத் தொங்கியது. இளஞ்சூடு. சொட்டு… சொட்டு… நான் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்? இரண்டு மாதமாக மூக்கு மட்டுமே தின்றுகொண்டிருக்கிறது. கையை வைத்தேன். வைத்த கை சும்மா இருக்குமா, ஒரு பிழி பிழிந்தேன். விரலிடுக்கில் சிவப்பாக வழிந்தது. முழங்கை வரை நக்கினேன். இன்னொரு பிழி. அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு, நல்ல பிள்ளையாகப் படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சாற்றைத்தான் அம்மா காய்ச்சினாள். பாட்டிலில் ஊற்றி, மெழுகு உருக்கி வாயை அடைத்தார்கள். சட்டியில் ஒட்டியிருந்ததைப் பங்களா அம்மா நாக்கில் வைத்துப் பார்த்து "நல்லா வந்திருக்கு" என்றார். அம்மா பாட்டிலைச் சன்னலுக்கு நேராகப் பிடித்தாள். ரொம்ப நேரம் பிடித்திருந்தாள். அப்புறம் இறக்கி வைத்தாள். பாட்டில் மூன்றிலும் பங்களா அம்மா தாள்மேல் கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்த சீட்டை, மைதாப் பசை காய்ச்சி நான்தான் ஒட்டினேன்.

கண்காட்சி நாள் காலை. பனி விலகி, நல்ல வெயில். பங்களா அம்மா பின்னால் காரில் வருவதாகச் சொல்லிவிட்டார். அம்மா குளித்து, மஞ்சள் பூசி, கல்யாணச் சேலை கட்டிக்கொண்டாள். பாட்டில்களை ஈரத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டாள். காலில் செருப்பு இல்லை. நானும் செருப்பில்லாமல்தான். படையல் கொண்டு போகிறோமே.

மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் ஓடியது. அம்மா கூடையை இறக்கினாள். "சாமி, ஒவ்வொண்ணா எடு. கழுவிப் போட்டுத்தான் மேசைக்குக் கொண்டுபோகோணும்" என்றாள். ஆமாம், தேங்காயானாலும் பழமானாலும் தண்ணீர் காட்டாமல் சாமி முன்னால் வைப்போமா? மூன்று பாட்டிலையும் ஓடுகிற தண்ணீரில் நன்றாக முக்கித் தேய்த்துக் கழுவினோம். பளபளவென்று வந்தன. சீட்டு மூன்றும் கழன்று, வாய்க்காலில் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நான் துரத்திப் போய்ப் பிடித்தேன். நீல மை கரைந்து வெறும் தாளாகத்தான் கைக்கு வந்தது.

"போனாப் போகுது, உடு கண்ணு. பேரு எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

பதிவு மேசையில் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். பக்கத்து பங்களா பட்லர் அவருக்கு டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். இந்த பட்லரைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான். இங்கிலீஷ் சரளமாகப் பேசுவார். அம்மா வேலைக்கு வந்த நாளில் இருந்து, "செடிக்காரிக்கு எதுக்கு ஸ்பூனும் சாஸரும்?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருந்தவர். அந்த அடுப்படியைத் தன் கொழுந்தியாளுக்குக் கேட்டு வைத்திருந்தார் என்பதும், அவருடைய எஜமானர்கள் பங்களாவை விற்றுவிட்டு ஊருக்குப் போகப் போகிறார்கள் என்பதும் எனக்குப் பின்னால் தெரிந்தது. அந்த மனுஷனுக்கும் பிழைப்பு போகிற பயம் இருந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு அவர் வெறும் பித்தளைப் பொத்தான்தான்.

"சீட்டு எங்க அம்மணி?" என்றார் வாத்தியார்.

"கழுவினதுல போயிருச்சுங்க."

"எதுக்குக் கழுவுன?"

"கழுவாமக் கொண்டாருவாங்களா?"

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "சரி, பேரச் சொல்லு, எழுதிக்கறேன்."

அம்மா முதல் பாட்டிலைக் காட்டினாள். "இது மாருமலேட்டுங்க." எழுதினார். "இது ஜாமுங்க." எழுதினார். "இது ஜெல்லிங்க."

"நில்லு, நில்லு." பட்லர் மூன்றாவது பாட்டிலை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். "வாத்தியாரே, ஜெல்லின்னா அந்தப் பக்கத்து வெரலு இந்தப் பக்கம் தெரியணும். இதுல என்ன தெரியுது? ஒண்ணும் தெரியல. இதுவும் ஜாமுதான்."

வாத்தியாரும் வாங்கிப் பார்த்தார். அவருக்கும் விரல் தெரியவில்லை. "ஆமாங்கம்மணி, கலங்கலா இருக்குதே."

"ஜெல்லிதானுங்க" என்றாள் அம்மா.

"அப்ப இப்படிச் சொல்லலாம்" என்றார் பட்லர். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். "நெஜ ஜெல்லி செம்மநத்தத்துக்குப் போயிருச்சு. புள்ள தின்னுருப்பான், புருசன் தின்னுருப்பான். அதுக்குப் பதிலா ரெண்டு ஜாமைக் கொண்டாந்து, கண்ணு தெரியாத அம்மாவ ஏமாத்தப் பாக்குது."

இரண்டு மாதமாக ஒரு ஸ்பூன்கூட நாக்கில் வைக்காதவளைப் பார்த்து இந்தப் பேச்சு. அம்மா முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். ஆனால் எனக்குக் கேட்டது. நெஞ்சுக்குள் குருவி. வெயிலில் நிற்கிறாள், அடுப்படி விட்டு அரைநாள்தான் ஆகியிருக்கிறது, அதற்குள் குருவி திரும்பி வந்துவிட்டது.

காரில் இருந்து பங்களா அம்மா இறங்கி, கம்பை ஊன்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பட்லர் முந்திக்கொண்டு இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னார். அவர் பேசி முடிக்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

"நாந்தான் புழிஞ்சேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "துணியை நாந்தான் புழிஞ்சேன். நக்கிப் போட்டேன். அம்மா விறகுக்குப் போயிருந்துச்சு. அதான் கலங்கிருச்சு. அது ஜெல்லிதானுங்க."

அடுப்படி போச்சு, பின்னாடி ரூம் போச்சு, நானே கெடுத்தேன் என்று நினைத்தபடி பங்களா அம்மாவின் கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கே விழும் அடி என்று.

"பையன் ஆத்தாளுக்குப் பரிஞ்சுக்கிட்டுச் சொல்றான்" என்றார் பட்லர்.

வாத்தியார், "மெழுகை ஒடைச்சு ருசி பாத்துட்டா முடிஞ்சுது" என்றார்.

அம்மா பாட்டிலைச் சட்டென்று பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். "அதெப்படிங்க? பெரியவங்க தொடறதுக்கு முன்னால நாம வாய வெக்கறதா? நானே இத்தன நாளு ஒரு சொட்டு நாக்குல வெக்கலீங்க. படையலைக் கெடுக்காதீங்க."

"படையலா?" என்றார் பங்களா அம்மா.

"ஆமாங்க."

அந்தப் பால் விழுந்த கண் இரண்டும் அம்மாவைத் தேடின. "அதனாலதான் வேண்டாம் வேண்டாம்னு சொன்னியா?"

"வேற எதுக்குங்க சொல்லுவேன்?"

"சரி" என்றார். குரல் மாறியிருந்தது. "வெளிச்சத்துல தெரியல, தொறக்கவும் கூடாது. ஜெல்லின்னு நீ எப்படிச் சொல்ற?"

அம்மா பக்கத்தில் போய், பங்களா அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து நிமிர்த்தினாள். ஒரு கையில் ஜாம் பாட்டில், ஒரு கையில் அந்தக் கலங்கல் பாட்டில். "அசையாமப் புடிங்க" என்று சொல்லி, இரண்டையும் நகத்தால் ஒவ்வொரு தட்டு தட்டினாள்.

"இந்தக் கையில என்னங்க தெரியுது?"

"சும்மா இருக்கு."

"இந்தக் கையில?"

பங்களா அம்மாவின் முகம் மெதுவாக மலர்ந்தது. "உள்ள நடுங்குது."

"இப்பச் சாச்சுப் பாருங்க. ஜாமு நகரும், ஆனா நடுங்காதுங்க. ஜெல்லி நடுங்கும், ஆனா நகராதுங்க. கலங்குனாலும் அது கொணம் மாறாதுங்க."

அந்த அம்மா தானே இன்னொரு தடவை தட்டினார். இன்னொரு தடவை. குழந்தை கிலுகிலுப்பையை விடாத மாதிரி. பிறகு வாத்தியார் பக்கம் திரும்பி, "அவ சொன்னபடி எழுதுங்க" என்றார். பட்லர் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரியவர்கள் மூன்று பேரும் வந்து மெழுகை உடைத்து, கரண்டியால் வெட்டிப் பார்த்தபோது, ஜெல்லி செங்கல் மாதிரி வெட்டுப்பட்டு நின்று ஆடியது. கலங்கலாக இருந்ததால் அதற்குப் பரிசு கிடையாது. ஜாமுக்கும் ஒன்றும் இல்லை. மீன்குஞ்சுக்குத்தான் முதல் ரிப்பன் கட்டினார்கள்.

இதோடு முடிந்தது என்றால் நம் ஊர்க் கதையா? பாட்டில்கள் சாயங்காலம் வரை மேசையிலேயே இருக்க வேண்டும், பெரிய ஆபீசர் வந்து பார்ப்பார், அப்புறம்தான் எடுக்கலாம். இதை யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. பெரியவர்கள் ருசி பார்த்துவிட்டார்கள், படையல் முடிந்தது. முடிந்தால் என்ன செய்வோம்? பகிர்ந்து கொடுப்போம். அம்மா மூன்று பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கூட்டத்தில் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு துளி ஜாம், ஒரு துளி ஜெல்லி, ஒரு துளி மார்மலேட். பேரைச் சொல்லிச் சொல்லி வைத்தாள். வாங்கினவர்கள் பழக்க தோஷத்தில் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நக்கினார்கள். எஸ்டேட்டு அம்மாமார்களும் கையுறையைக் கழற்றிவிட்டு நீட்டினார்கள். தூரத்தில் நின்ற பட்லரைத் தேடிப் போய், "புடிங்கண்ணா" என்று அவர் கையிலும் வைத்தாள். ஆபீசர் வந்தபோது மேசை மேல் இருந்தது ரிப்பன் கட்டிய காலி பாட்டில். வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். பங்களா அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

கடைசியாகப் பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்ததைப் பங்களா அம்மா தன் விரலால் வழித்து, திசை பார்த்து நீட்டினார். "இப்பவாவது?"

அம்மா அந்த விரலைப் பிடித்து, உள்ளங்கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"எது?" என்றார் பங்களா அம்மா.

"ஜெல்லிங்க" என்றாள். "நொம்ப நல்லா இருக்குதுங்க. இதையா இத்தன நாளு வேண்டாமுன்னேன்."

அடுப்படி அவளுக்கே ஆனது. மாசிக்குள் நாங்கள் பின்னாடி ரூமுக்குக் குடி வந்துவிட்டோம். அந்தப் பித்தளைச் சட்டி, நாலு கால் ஸ்டூல், பீங்கான் தட்டு எல்லாம் பிறகு எங்கெங்கோ போய்விட்டன. ரிப்பன் பாட்டில் மட்டும் எங்கள் வீட்டில் வெகுநாள் சீரகம் போட்டு வைக்க இருந்தது. என் தங்கச்சி கல்யாணத்தன்று யாரோ உடைத்தார்கள்.

அன்று சாயங்காலம் காலிக் கூடையோடு செம்மநத்தத்துக்கு நடந்து வந்தோம். அம்மா கூடையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள். குருவியின் சத்தம் இல்லை. நான்தான் தாங்க முடியாமல், "நான் புழிஞ்சது தெரிஞ்சு உனக்குக் கோவமா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கா தெரியும்?" என்றாள். "அன்னிக்கே துணிய அவுக்கையில பாத்தனே. உன்ற வெரலு அஞ்சும் செவப்பாப் பதிஞ்சிருந்துச்சு. அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாட்டியும், புழிஞ்ச முறுக்கு கைக்குத் தட்டுப்பட்டிருமேன்னு தொவச்சுப் போட்டேன்."

நான் என் கையைப் பார்த்தேன். அது எப்போதோ கழுவிய கை.

கடைக்காரப் பெண்ணிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ஒரு பாட்டிலை மட்டும் அவள் உள்ளங்கையில் வைத்துத் தட்டிக் காட்டினேன். "ஐயோ, நடுங்குதுங்க தாத்தா" என்றாள். நீங்கள் சிரித்தது அப்போதுதான்.